மோதிரத்துக்கு இணையான தாலி

இராமேஸ்வரக் கரையில் நின்று மோதிரத்தைப் பற்றிப் பேசினால், அனுமன் கொண்டு சென்ற கணையாழிதான் முதலில் நம் நினைவுக்கு வரும். அதற்கு மறுமொழியாகச் சீதை சூடாமணியைக் கொடுத்தனுப்பினாள். ஒரு நகைக்கு மற்றொரு நகை இணையானது. இதே சேதுநாட்டில் பிற்காலத்தில் மோதிரத்துக்கு இணை தேடியபோது அது இத்தனை இனிதாக முடியவில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்கம் தழுவியபோது, மணமோதிரமும் அச்சமயத்தோடு வந்தது. பழைய உரோமைச் சடங்கில் குரு மந்திரித்தது மணமகளின் மோதிரம் ஒன்றையே. அதுவும் அடையாளந்தான், மணத்தை மணமாக்குவது இருவரின் சம்மதம் என்பதே திருச்சபையின் கொள்கை. நம் பெண்டிருக்கோ தாலி ஏறாத கழுத்து மணமான கழுத்து ஆகாது.

சம்மதம், ஒருத்திக்கு ஒருவன் என்ற அந்நெறி இராமநாதபுரத்தில் உயிர்ப்பலியும் கேட்டது. சேதுபதி மரபினரான தடியத்தேவர் 1693 சனவரியில் அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற்றார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவினள். அவள் அரண்மனைக்குச் சென்று முறையிட்டாள். பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947இல் அவர் புனிதரானார். முறையிட்டவளை வில்லியாகவே பேசிப் பழகிவிட்டோம். அவள் கழுத்திலிருந்த தாலியின் பக்கம் நின்று பார்த்தால், அவள் கேட்டது நியாயம் என்றே நமக்குப் படுகிறது.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1704இல், உரோமையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்நோன் தாலியையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது; மஞ்சள் பூசிய நூற்றெட்டு இழைக் கயிறும் கூடாது. வேண்டுமானால் சிலுவையோ, இயேசுவின் உருவமோ, மாதாவின் உருவமோ பொறித்த தாலியை அணியலாம் என்றது அவர் ஆணை. சேசு சபையார் முறையீடு மேல் முறையீடாக உரோமைக்கு அனுப்பினர். பதினான்காம் பெனடிக்ட் 1744இல் விடுத்த சாசனத்தோடுதான் அவ்வழக்கு அடங்கியது. (ஒரு குன்றிமணிப் பொன்னுக்கு நாற்பது ஆண்டு வழக்கு!)

நம் பெண்டிர் தாலியைக் கழற்றவில்லை. பொறித்த உருவம் மாறியது; கழுத்து மாறவில்லை. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தந்த நாட்டு மணவழக்கங்களைப் போற்றிக் காக்கச் சொன்னது. தங்கச்சிமடத்துக் கத்தோலிக்க மணமகளுக்கு இன்று விரலில் மோதிரமும் உண்டு, கழுத்தில் சிலுவைத் தாலியும் உண்டு. இரண்டையும் மந்திரிப்பவர் ஒரே குருவானவர்தான்.