ஏழைவிடுதியும் முதியோர் இல்லமும்

இங்கிலாந்தில் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய ஏழைச் சட்டத்திற்கு முடிவு கட்டிற்று. விடுதி அதிகாரியும் அடைபட்டோரும் என்ற உறவு நீங்கி, உணவுவிடுதியாரும் விருந்தினரும் போன்ற உறவு மலரும் என அரசினர் நம்பினர். கட்டடங்களோ பெரும்பாலும் பழையனவே. பீட்டர் டவுன்செண்ட் 173 இல்லங்களை நேரில் ஆராய்ந்து, 1962-இல் 'கடைசிப் புகலிடம்' என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். குளித்தல், உடுத்தல் முதலியவற்றைத் தாமே செய்துகொள்ள வல்லவர் பலரை அங்கே அவர் கண்டார். பரிந்துரைக் கடிதம் எழுதும் போதகராகிய நாம் இவ்விடத்தில் சற்று நின்று வாசிக்கவேண்டும். அவர்களுள் பலரை அங்கே கொணர்ந்தது தளர்ச்சியன்று. வீடின்மையும், வறுமையும், பேணுவார் இன்மையுமே. வந்தபின்னரோ செய்வதற்கு வேலையில்லை. உற்றாரும் அயலாரும் அகன்றனர். ஆகவே, பெரிய இல்லங்களுக்கு மாறாகத் துணையோடு கூடிய சிறு வீடுகளையும், வீடு தேடி வரும் உதவியையுமே டவுன்செண்ட் கேட்டார்.