ஸ்பிண்டில் வேகமும் மெமரி வேகமும்



"பையன் கம்ப்யூட்டர் மெமரியை ஓவர்கிளாக் பண்றேங்கறானுங்க சார், அப்படின்னா என்னங்க?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். மில்லுக்குப் போய்வந்த குடும்பம். அதனால் மில்லிலிருந்தே தொடங்குகிறேன்.

கோவையின் முதல் நூற்பாலை 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியில் தொடங்கப்பட்டது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. 1956இல் சிட்ரா ஆராய்ச்சிக் கழகம், 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ். இத்தனை காலமும் ஒரு கேள்வி நம்மூரை விடவில்லை: ஸ்பிண்டிலை இன்னும் எவ்வளவு வேகமாகச் சுற்றலாம்? இன்றைய ரிங் பிரேம்களில் அது நிமிடத்துக்கு 20,000 சுற்றைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் போகவிடாமல் இழுத்துப் பிடிப்பது டிராவலர் என்ற சின்னக் கம்பி வளையம். ரிங்கின் மேல் உரசி ஓடுவதால் அது சூடேறித் தேய்கிறது, நூலும் அறுகிறது.

கம்ப்யூட்டர் மெமரியின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

இன்று நாம் ராம் என்று சொல்லும் மெமரியை 1966இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் யோசித்தார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டி மின்தேக்கி. அவ்வளவுதான் ஒரு பிட்டுக்கு. 1970இல் இன்டெல் விற்ற 1103 சிப்பில் 1,024 பிட்டுகள் இருந்தன. அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம் மாதிரி. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். டிடிஆர்4 மெமரியில் 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எல்லா வரிசையையும் நிரப்புகிறார்கள். சூடு 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 32 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. சூடு ஏற ஏறக் கசிவும் கூடும்.

கம்பெனி குறித்த வேகம் எல்லாத் துண்டுகளும் தாங்கக்கூடிய வேகம். சில துண்டுகள் அதைவிடக் கெட்டி. அந்த மிச்சத்தைப் பிடுங்கிப் பயன்படுத்துவதுதான் ஓவர்கிளாக்கிங். 1998இல் வந்த செலரான் 300ஏ பிராசஸர் இதில் பேர்போனது. போர்டின் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் 450இல் ஓடியது. மெமரியும் அந்த 100க்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. 2007இல் இன்டெல் எக்ஸ்எம்பி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கைவேலையாக இருந்தது ஒரே சொடுக்கில் முடிகிற காரியமாயிற்று. இதில் வோல்டேஜும் ஏறும்: டிடிஆர்4க்கு 1.2 வோல்ட் என்பது அளவு, ஓவர்கிளாக்கில் 1.35 சாதாரணம்.

இங்கேதான் மில்லும் மெமரியும் பிரிகின்றன. நூல் அறுந்தால் சைடு பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும், ஓடிவந்து ஒட்டுவார். மெமரியில் ஒரு பிட் புரண்டால் யாருக்கும் தெரியாது. 1 இருந்த இடத்தில் 0. சில நேரம் கம்ப்யூட்டர் நின்றுபோகும். அது நல்ல காலம். சில நேரம் நிற்காமல் ஓடி, தப்பான எண்ணையே ஃபைலில் எழுதிவைக்கும். பேக்கப்பிலும் அதே தப்புதான் போய் உட்காரும். பெரிய சர்வர்களில் பிழையைக் கண்டு திருத்தும் ஈசிசி மெமரி போடுவது இதனால்தான்.

பையன் கேம் விளையாடுகிற மெஷினா? தாராளமாகச் செய்யட்டும், இயற்பியல் படிக்க நல்ல வழி. செய்த பிறகு மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடட்டும். ஒரு பிழை காட்டினாலும் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நம் சித்திரை வெயிலில் இன்னொரு தடவை சோதிப்பது நல்லது.

திருப்பூரில் கணக்குப் போடுகிற, சம்பளப் பட்டியல் தயாரிக்கிற மெஷினில் மட்டும் இது வேண்டாம். அங்கே மிச்சமாவது சில நொடிகள். போனால் ஒரு தொழிலாளியின் கூலிக் கணக்கு.

ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர்கள், வேகத்தைக் கூட்டியபோது என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள். சின்னவர்களும் படிக்கட்டும்.