கட்டிலில் கிடப்பவரின் சம்மதம்: இல்லப் பராமரிப்பும் சுயேச்சையும்

சேலத்துக்குத் தெற்கே, ஜருகுமலையை அண்டிக் கிடக்கும் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளித் தோட்டங்கள் மிகுதி. அரளியை மொட்டாகவே பறித்தாக வேண்டும். இதழ் விரிந்துவிட்டால் அதற்குச் சந்தையில் விலை இல்லை. ஆகையால், பக்கவாதத்தால் படுத்துவிட்ட மாமியாரையோ தகப்பனாரையோ வைத்துக் காப்பாற்றும் ஒரு பூக்காரக் குடும்பத்தில், முகம் கழுவுவதும், துணி மாற்றுவதும், களியோ கஞ்சியோ ஊட்டுவதும், மாத்திரை விழுங்கச் செய்வதும், விடியுமுன் தோட்டத்துக்குப் புறப்படும் அந்த அவசரத்திலோ, வெயில் ஏறித் திரும்பிய பிறகோதான் நடந்தேற முடியும். கிடப்பவரின் பசியும் உறக்கமும் பூச்சந்தையின் கடிகாரத்துக்குக் கட்டுப்படுகின்றன. இதில் கொடுமை யாதொன்றும் இல்லை; அன்பும் உழைப்புமே இருக்கின்றன. ஆயினும் அந்த அன்பு கிடப்பவரை எதையும் கேட்பதில்லை என்பதே என் ஆட்சேபம்.

'பார்த்துக்கொள்வது' என்று நாம் வழங்கும் சொல்லில் உண்டியும் உடையும் மருந்தும் அடங்குகின்றன; விருப்பம் அடங்கவில்லை. நம் சட்டமும் இந்த வழக்கையே பின்பற்றியது. பெற்றோர், மூத்த குடிமக்கள் ஆகியோரின் பராமரிப்புக்கென 2007இல் இயற்றப்பட்ட சட்டம், பராமரிப்பு என்பதற்கு உணவு, உடை, உறைவிடம், வைத்தியம் என்று இலக்கணம் வகுத்து, மாதத்துக்கு 10,000 ரூபாய் என்ற உச்சவரம்பையும் விதித்ததே ஒழிய, எந்நேரம் குளிப்பது, எந்த அறையில் படுப்பது, யாரைப் பார்க்க விரும்புவது என்பவற்றை அது தன் கவனத்துக்குரியனவாகக் கொள்ளவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ வேறு திசையில் சென்றது. வரையறுக்கப்பட்ட காப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட்டாலும், அவர் பரஸ்பர நம்பிக்கையோடு, குறிப்பிட்ட காலத்துக்கும் குறிப்பிட்ட தீர்மானத்துக்கும் மட்டும், அந்த மாற்றுத்திறனாளியின் விருப்பத்தை அநுசரித்தே கூடி முடிவெடுக்க வேண்டும் என்கிறது அதன் 14ஆம் பிரிவு. மறுவருடம் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இன்னும் துணிச்சலானது: தன் மனநலச் சிகிச்சை குறித்து ஒருவர் செய்த முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுவதாலேயே அவருக்குத் தீர்மானிக்கும் திறன் இல்லை என்று கொள்ளலாகாது. சர்க்கரை நோயாளியான கிழவர் ஒரு துண்டு வெல்லம் கேட்டதும், புத்தி தடுமாறிவிட்டது என்று முடிவுகட்டும் பிள்ளைகள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய வாசகம் அது.

சுயேச்சை என்பது மேனாட்டுத் தனிமனித வாதம், நம் கூட்டுக்குடும்பத்துக்கு ஒவ்வாதது என்று சொல்வாருண்டு. சுயேச்சையைத் தனிமை என்று பொருள்கொண்டதால் விளைந்த மயக்கம் இது. 1972இல் அமெரிக்காவின் பெர்க்லியில், போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸும் அவருடைய தோழர்களும் தொடங்கிய சுயேச்சை வாழ்வு மையம், உதவியே வேண்டாம் என்று கோரியதில்லை. உதவி எவ்வாறு, எப்பொழுது என்பதை உதவி பெறுபவரே நிர்ணயிக்க வேண்டும் என்றுதான் கோரியது. அவ்வளவு தூரம் போவானேன்? கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கைகால் அசைக்க இயலாதிருந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை ஸ்தாபித்தார். அந்நிலையிலிருந்தே அதனை நடத்தியவருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. அன்றாடத் தேவைகள் யாவற்றுக்கும் பிறர் கைகளைச் சார்ந்திருந்த ஒருவரின் தீர்மானம், ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்வை நடத்திச் சென்றிருக்கிறது. சார்ந்திருத்தலும் தீர்மானித்தலும் ஒருங்கே இருக்கக் கூடியவை என்பதற்கு இதனினும் தெளிவான அத்தாட்சி எனக்குத் தெரியவில்லை.

உண்மையில் நம் குடும்பங்களில் சம்மதம் கேட்கும் வழக்கம் அறவே இல்லாமலில்லை; அது பட்டாவோடு பிணைந்திருக்கிறது. காடு தன் பேரில் இருக்கும்வரை 'என்னங்கப்பா செய்யலாம்' என்று கேட்கப்பட்டவர், செட்டில்மென்ட் பத்திரத்தில் கைநாட்டு வைத்த மறுமாதமே கேட்கப்படாதவராகிவிடுவது ஊரறிந்த சங்கதி. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனை கூறிப் பெற்ற சொத்தை, அந்நிபந்தனை தவறினால் திரும்பப் பெற வழிவகுக்கிறது. நிலமே இல்லாத கூலிக்காரக் கிழவிக்கோ, 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகைதான் பட்டா. அந்தப் பணம் அவள் முந்தானையில் முடியப்படுகிறதா, மகன் சட்டைப்பையில் விழுகிறதா என்பதைப் பொறுத்தே அவள் குரலின் கனம் நிர்ணயமாகிறது.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை இவ்விடத்தில் கருத வேண்டும். ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை, வலிநிவாரணச் சிகிச்சை, இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றை வீட்டு வாசலுக்கே கொண்டுசேர்த்த பெருமை அதற்கு உண்டு. எனினும் வாசலில் நிற்கும் மகளிர் தன்னார்வலரிடம் பேசுபவர் பெரும்பாலும் மருமகளே; 'நல்லா சாப்பிடறாங்களா?' என்ற கேள்வி, கட்டிலில் கிடப்பவரின் காதில் விழும்படியே, அவரைப் படர்க்கையில் வைத்துக் கேட்கப்பட்டுவிடுகிறது. உள்ளே வந்து, கட்டிலருகே குனிந்து, 'உங்களுக்கு எது சௌகரியங்க ஆத்தா?' என்று அவரிடமே கேட்பதைத் திட்டத்தின் கடமைகளுள் ஒன்றாக ஆக்கலாம் என்பது என் யோசனை. செலவில்லாத யோசனைதான், ஆனால் நேரம் பிடிக்கும்.

வாய் குழறிப்போனவரிடம் எப்படிக் கேட்பது என்ற கேள்வி நியாயமானதே. இரண்டு சேலைகளை எதிரே விரித்துக்காட்டி, அசையும் கையோ கண்ணோ எதன்மேல் தங்குகிறதென்று பொறுத்துப் பார்க்கலாம். அந்தப் பொறுமை அரளி பறிக்கப் புறப்படும் இருட்டில் வாய்க்காது. குளியலையே வேண்டுமானால் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அவருக்கும் அது சம்மதமானால்.