கன்னாபினால்: ஒரு பெயரின் வரலாறு

வடநாட்டு நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் பலரும் ஹோலிப் பண்டிகை தோறும் ஒரு வியப்பை அடைந்திருப்பர். கஞ்சா வைத்திருந்த ஒருவனைக் காவலர் கைது செய்தனர் என்னும் செய்தி காலைப் பத்திரிகையில் வந்திருக்கும். அன்று பகலிலேயே அண்டை வீட்டார் பாங் கலந்த தண்டாயைக் குவளையில் ஊற்றி நீட்டுவர். காசியிலும் ஜெய்சால்மரிலும் அரசின் உரிமம் பெற்ற பாங் கடைகளே பலகை மாட்டிக்கொண்டு நடைபெறுகின்றன. செடியோ ஒன்றுதான். அதன் ஒரு பகுதி பெருங்குற்றமாகவும் மற்றொரு பகுதி பண்டிகை வழக்கமாகவும் ஆனது எவ்வாறு? இவ்வினாவின் பின்னே சென்றால், பலரும் பெயரே கேட்டிராத ஒரு பொருளிடம் வந்து நிற்க நேர்கிறது. அப்பொருளின் பெயர் கன்னாபினால்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஷாக்னெஸி, 1839ஆம் ஆண்டில் இச்செடியின் மருத்துவப் பயனைக் குறித்து எழுதினார். அதன் பின் ஐரோப்பிய மருத்துவர்களும் இதைக் கையாளத் தொடங்கினர். ஆனால் ஓர் இடர்ப்பாடு அவர்களை விடாது தொடர்ந்தது. ஒரு புட்டி மருந்து நோயாளியை மயங்க வைக்கும்; அதே அளவு கொடுத்த வேறொரு புட்டி ஒன்றுமே செய்யாது. அபினியிலிருந்து மார்ஃபினையும் சின்கோனாப் பட்டையிலிருந்து குவினைனையும் பிரித்தெடுத்து, அளந்து கொடுக்கக் கற்றிருந்த காலம் அது. இச்செடியின் சாரம் மட்டும் எவர் கைக்கும் அகப்படவில்லை.

இந்நிலையில், 1893இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் வில்லியம் கெய்ன் என்னும் உறுப்பினர் எழுப்பிய வினாவின் விளைவாக, இந்தியச் சணல் மருந்துகள் விசாரணைக் குழு அமைக்கப்பெற்றது. தலைவர் மாக்வொர்த் யங். உறுப்பினருள் மூவர் இந்தியர். குழுவினர் மாகாணங்கள் தோறும் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் பல தொகுதிகள் கொண்ட அறிக்கையை வெளியிட்டனர். அளவோடு கொள்பவர்க்குப் பெருந்தீங்கு இல்லை, மிகையாகக் கொள்வதே கேடு என்றும், முழுத் தடையைவிட வரியும் உரிமமும் கொண்டு கட்டுப்படுத்துவதே ஏற்றது என்றும் அவர்கள் முடிவு கூறினர். இம்முடிவை இன்று ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். வரி வருமானத்தை இழக்க விரும்பாத ஓர் அரசின் குழு அது என்பதையும் நாம் மறந்துவிடுதல் கூடாது.

இக்குழுவின் அறிக்கையில் தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. மருந்து மாதிரிகளின் இரசாயன ஆராய்ச்சி உதகமண்டலத்தில் நடைபெற்றது. அங்குச் சின்கோனாத் தோட்டங்களையொட்டி, சென்னை அரசாங்கத்தின் குவினைன் ஆய்வாளராக டேவிட் ஹூப்பர் என்பவர் பணியாற்றி வந்தார். கஞ்சா, சரஸ், பாங் ஆகியவற்றின் மாதிரிகளைச் சோதித்து அறிக்கை தந்தவர் அவரே. பிசின் எவ்வளவு என்று அளக்க அவரால் இயன்றது. அப்பிசினுள் மயக்கம் தருவது எது என்று பிரித்துக் காட்ட அந்நாளில் எவராலும் இயலவில்லை.

இரண்டாண்டுகள் கழிந்தன. 1896இல் கேம்பிரிட்ஜில் உட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் என்னும் மூவர் சரஸ் பிசினைக் குறைந்த அழுத்தத்தில் வடித்து, செந்நிறமான ஒரு கெட்டி எண்ணெயைப் பெற்றனர். அதற்குக் கன்னாபினால் என்று பெயரிட்டனர். தேடிய சாரம் கிட்டிவிட்டது என்றே எண்ணினர். 1899இல் அவர்களே மேலும் ஆராய்ந்து, அவ்வெண்ணெய் ஒரு கலவை என்று கண்டு, அதிலிருந்து தூய்மையாகப் பிரித்த பொருளுக்கே அப்பெயரை நிலைநிறுத்தினர். அதன் அணு அமைப்பை 1930களில் கான் என்னும் ஆங்கிலேய அறிஞர் பெரும்பாலும் தெளிவாக்கினார். 1940இல் அமெரிக்காவில் ராஜர் ஆடம்ஸும் இங்கிலாந்தில் அலெக்ஸாண்டர் டாடும் தனித்தனியே அதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். அப்பொழுதுதான் உண்மை உறுதியாயிற்று: தூய கன்னாபினாலுக்கு மயக்கும் ஆற்றல் மிகச் சொற்பமே.

மயக்குவது அதன் உறவுப் பொருள். 1964இல் இஸ்ரேல் நாட்டில் கயோனி, மெக்கூலம் என்னும் இருவர் அதனைத் தூய்மையாகப் பிரித்து அமைப்பை விளக்கினர். கன்னாபினாலைவிட நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் கூடுதலாகக் கொண்டது அது. ஆதலின் அதற்கு வழங்கும் பெயர் டெட்ராஹைட்ரோகன்னாபினால். 'டெட்ரா' என்பது நான்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மூத்தோன் பெயரை இளையோனுக்கு இட்டு, பின்னர் இளையோனே உலகப் புகழ் பெற்ற கதை இது. இயற்கையில் முறையே வேறு. செடியில் கன்னாபினால் மிக அரிது. காற்றும் ஒளியும் வெப்பமும் படப்பட, டெட்ராஹைட்ரோகன்னாபினால் அந்நான்கு அணுக்களை இழந்து கன்னாபினாலாக மாறுகிறது. கேம்பிரிட்ஜ் அறிஞர்க்கு அது மிகுதியாகக் கிடைத்ததன் காரணம் இதுவே. பழஞ்சரக்குக்கு வீறு குறைவு என்று வணிகர் கண்டறிந்திருந்ததன் காரணமும் இதுவே.

வீறிழந்த இப்பொருள் வரலாற்று ஆராய்ச்சிக்கு நல்ல சாட்சியாய் அமைந்தது. பாமீர் மலைப்பகுதியில் ஜிர்சன்கல் என்னுமிடத்துக் கல்லறைகளில் ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மரத் தூபக்கலங்கள் கிடைத்தன. 2019இல் வெளியான ஆராய்ச்சியின்படி, அவற்றில் படிந்திருந்தது பெரிதும் கன்னாபினால். அங்கே எரிக்கப்பட்டது வெறும் நார்ச்செடியன்று, மயக்கம் தரும் வகை என்பது அதனால் புலனாயிற்று. அவ்விடத்துக்கு அண்மையிலுள்ள யார்க்கண்டிலிருந்துதான், 1930களின் நடுப்பகுதி வரை, லே வழியாகப் பஞ்சாபின் ஹோஷியார்பூருக்குச் சரஸ் மூட்டைகள் வந்திறங்கின என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சட்ட வாசகங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதையே அன்றாடப் பணியாகக் கொண்ட நமக்கு, இப்பகுதியே மிகுந்த சுவை தருவது. 1930ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டம், சணல் என்பதற்கு இலை, சிறு தண்டு, பூமுனை ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பாங்கையும் பெயர் சொல்லி உட்படுத்தியது. 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையோ பூக்கும், காய்க்கும் நுனிகளையே குறித்தது. நுனிகளோடு சேராத விதையையும் இலையையும் அவ்வரையறையினின்று நீக்கிற்று. நமது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் மற்றும் உளமருட்சிப் பொருள்கள் சட்டம் இவ்வரையறையைப் பின்பற்றியது. பாங் தப்பியது இந்த ஒரு சொற்றொடரால்தான்.

அச்சட்டத்தின் அட்டவணையில் டெட்ராஹைட்ரோகன்னாபினால் இடம்பெற்றுள்ளது. கன்னாபினால் என்னும் பெயர் இல்லை. ஆதலின் அது தடையற்ற பொருள் என்று சிலர் விளம்பரம் செய்வது, பாதி உண்மையை முழு உண்மையாக விற்பதாகும். பிரித்தெடுத்த பிசின் எவ்வடிவில் இருப்பினும், தூய்மை செய்யப்பட்டிருப்பினும், அது சரஸ் என்றே சட்டம் கூறுகிறது. அடர்த்தியாக்கிய எண்ணெயும் அதனுள் அடங்கும். சரஸின் வகையில் சட்டத்தின் கை கடினமானது. கஞ்சாவுக்கு 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு என்றால், சரஸுக்கு 1 கிலோவைத் தாண்டினாலே போதும். வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை. எனவே ஒரு சீசாவில் கன்னாபினால் என்று ஒட்டியிருப்பது பெரிதன்று. அது இலையிலிருந்து வந்ததா, பூமுனையின் பிசினிலிருந்து வந்ததா என்பதே வழக்கில் வினாவாகும்.

இங்கிலாந்தில் நிலைமை நேர்மாறு. அங்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் கன்னாபினால் பெயர் சொல்லியே தடை செய்யப்பட்டது. மயக்கும் பொருளோ 'கன்னாபினால் வழிப்பொருள்கள்' என்னும் தலைப்பின்கீழ் அதன் நிழலில் நின்றது. கேம்பிரிட்ஜில் இட்ட பெயரின் வலிமை அத்தகையது.

நம் நாட்டில் இலையிலிருந்து ஆக்கும் ஆயுர்வேத மருந்துகள், 'விஜயா' என்னும் பழம்பெயரோடு கடைகளில் கிடைக்கின்றன. மருந்துச் சட்ட விதிகளின் நச்சுப்பொருட் பட்டியலில் இச்செடி, விதை நீங்கலாக, இடம்பெற்றிருப்பதால், மருத்துவர் மேற்பார்வையில் கொள்க என்னும் எச்சரிக்கை அம்மருந்துகளின் மேலுறையில் இருத்தல் வேண்டும். கன்னாபினால் உறக்கம் தரும் என்று பரவியுள்ள பேச்சுக்கு, மனிதரிடம் செய்த சோதனைகள் இன்னும் உறுதியான சான்று தரவில்லை.

மற்றொன்றும் நம்மவர் அறிதல் நலம். இந்தியச் சணலின் மீதான கலால் வரியை அரசமைப்பின் ஏழாம் அட்டவணை மாநிலங்களின் கையில் ஒப்படைத்துள்ளது. மத்தியச் சட்டம் விட்டுவைத்த பாங் இலையை மாநிலங்கள் தத்தம் கலால் சட்டத்தால் ஆளுகின்றன. காசிக் கடையில் உரிமத்தோடு விற்ற பொட்டலம், விடுமுறைக்கு ஊர் திரும்பும் ரயிலில் மாநில எல்லைகளைத் தாண்டும்போது, அவ்வுரிமம் அதனுடன் பயணம் செய்வதில்லை.