நாமக்கல் லாரிச் சாரதிகள்

வறண்ட பூமியும் அடிக்கடி பொய்த்துப்போகும் மழையும் வாய்த்த நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்துக் குடியானவர்கள், காட்டை நம்பியிருப்பதைவிடச் சாலையை நம்புவது மேல் என்று துணிந்து, உறவினரோடு பங்கு சேர்ந்தும் கடன்பட்டும் லாரி வாங்கத் தலைப்பட்ட சரித்திரம், தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் தனி அத்தியாயத்துக்கு உரியது. ஜாம்ஷெட்பூரில் 1954-இல் டாடா பென்ஸ் லாரிகள் உருவாகத் தொடங்கியதும், எண்ணூர் அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டு ஆனதும் அந்தத் துணிவுக்குக் கைகொடுத்தன. ஆயினும் முதலாளிகளையும் பாடி கட்டும் பட்டறைகளையும் பற்றிப் பேசுகிறவர்கள், அந்த வண்டிகளை ஓட்டிச் சென்ற சாரதிகளைப் பற்றிப் பேசக் காணோம். எனக்கு அது பெருங்குறையாகவே படுகிறது.

ஓட்டுவது மாத்திரமே சாரதியின் உத்தியோகம் என்று நினைப்பவர்கள், லோடு ஏற்றும் இடத்தில் சற்று நின்று பார்க்கவேண்டும். பாரம் ஒரு பக்கம் சாயாதபடி மூட்டைகளை அடுக்கச் செய்து, தார்ப்பாய் போர்த்திக் கயிற்றை இழுத்துக் கட்டி, இரும்புக் கம்பியால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டி, எழும் சத்தத்தைக் கொண்டே எதில் காற்று இறங்கியிருக்கிறது என்று கண்டுகொண்டு, பில்லையும் பர்மிட்டையும் பத்திரப்படுத்திய பிறகே அவர் ஸ்டீரிங்கைத் தொடுவார். 2017-இல் ஜி.எஸ்.டி. வரும்வரை மாநில எல்லைதோறும் வணிகவரிச் சாவடிகளில் அவர் காத்துக்கிடந்த இரவுகளுக்குக் கணக்கே இல்லை. போய்ச் சேர்ந்த ஊரில் சரக்கை எண்ணி ஒப்படைத்துக் கையொப்பம் பெறுவதும், திரும்பி வந்து டீசலுக்கும் பஞ்சருக்கும் படிக்கும் ஆன செலவை முதலாளியிடம் ஒப்புவிப்பதும் அவர் பொறுப்பே.

மலைப்பாதையில் அவருடைய வித்தை இன்னும் துலக்கமாகத் தெரியும். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது பழைய சாரதிகளின் பாடம். டீசலை மிச்சம் பிடிக்கும் ஆசையில் நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிப் பிடிப்பு இழந்து, தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் நேர்ந்த கோர விபத்துக்கள் பல.

சட்டம் அவரை மறந்துவிடவில்லை. 1961-ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளோ, நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு சாரதிகள் இருக்கவேண்டும், மாற்றுச் சாரதி கால் நீட்டிப் படுக்கப் பின்னால் நீண்ட இருக்கை அமைக்கவேண்டும் என்று கருணையோடு விதித்தன. இரட்டைச் சாரதி நிபந்தனை பின்னர் கைவிடப்பட்டது. குறித்த நேரத்தில் சரக்கு வந்தாக வேண்டும் என்ற வியாபாரியின் அவசரத்துக்கு முன்னால் 8 மணி நேர வரம்பும் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது.

இவற்றினும் என்னை வருத்துவது கிளீனர்கள் அருகிப்போனதே. சக்கரத்துக்குக் கட்டை போட்டு, கண்ணாடி துடைத்து, பின்னால் பார்த்து "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுத்து, இரவில் அண்ணன் கண்ணயராதபடி பேச்சுக் கொடுத்தபடியே அந்தப் பையன்கள் சில வருஷங்களில் தாங்களும் சாரதிகளானார்கள். கட்டுப்படியாகவில்லை என்று அவர்களை நிறுத்திவிட்ட முதலாளிகள் பலர், நல்ல டிரைவர் கிடைப்பதில்லை என்று இன்று குறைப்படுகிறார்கள். கிளீனரின் வேலையையும் சேர்த்துச் சுமக்கும் சாரதி, துணைக்கு ஆளின்றித் தனியே வடக்கே போய் வருகிறார்.