வெள்ளெழுத்துக்கான லேசர் சிகிச்சை

நாற்பது வயதை ஒட்டிச் செய்தித்தாளைக் கை நீட்டி எட்டப் பிடித்துப் படிக்க வைக்கும் பார்வைக் குறைபாடு வெள்ளெழுத்து. சாளேசுவரம் என்றும் சொல்வார்கள். கண்ணின் முன்புறமுள்ள கார்னியாவை லேசரால் செதுக்கி இதை ஈடுகட்டும் முறைகள் 1990களிலிருந்து வளர்ந்தன.

குறை இருப்பது கார்னியாவுக்குப் பின்னே, லென்ஸில். அருகிலுள்ளதைப் பார்க்கும்போது சிலியரித் தசை சுருங்கும், லென்ஸைப் பிடித்திருக்கும் நார்கள் தளரும், லென்ஸ் குவிந்து பருக்கும் என்று 1855இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். வயது ஏற ஏற லென்ஸ் இறுகி, குவிய மறுக்கிறது. இறுகியதை இளக்க லேசருக்கு இன்றுவரை நம்பகமான வழி அமையவில்லை. அதனால்தான் வேலை முழுவதும் கார்னியாவில் நடக்கிறது.

அதற்கான நுட்பம் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன், 1981 நவம்பர் 27 அன்று, முந்தைய நாள் நன்றி நவில்தல் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை அங்கே கொண்டுவந்தார். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸைமர் லேசர் அதில் விளிம்பு கருகாமல், கத்தி போட்டது போலச் சுத்தமான வெட்டு உண்டாக்கியது. ஒப்பிட்டுப் பார்த்த பச்சை லேசரோ கருக்கிவிட்டது. புற ஊதாக் கதிர் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுத்துத் திசுவை ஆவியாக்கிவிடுவதால் வெப்பம் பக்கத்தில் பரவுவதில்லை. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரும் இக்கண்டுபிடிப்பின் பங்காளிகள். கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல், சீனிவாசனுடன் சேர்ந்து 1983இல் இதைக் கார்னியாவுக்குக் கொண்டுவந்தார். கிட்டப்பார்வைக்கு அமெரிக்க ஒப்புதல் 1995இல் கிடைத்தது. பார்வை காத்த இவ்வளவு பெரிய பணியில் சென்னையில் படித்த ஒருவரின் கை இருந்ததை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

வெள்ளெழுத்துக்கு முதலில் கைகொடுத்தது ‘மோனோவிஷன்’: ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைப் படிப்பதற்கும் சரிசெய்வது. காண்டாக்ட் லென்ஸில் முன்பே பழகிய இந்த முறைக்கு, கார்னியாவை லேசரால் செதுக்கும் ‘லாசிக்’ சிகிச்சை வழியில் அமெரிக்க ஒப்புதல் 2007இல் வந்தது. எல்லோர் மூளையும் இதற்கு இணங்குவதில்லை. காண்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில நாள் ஒத்திகை பார்த்த பிறகே லேசருக்குப் போவது நல்லது.

கொலம்பியாவின் லூயிஸ் ரூயிஸ் 1990களில் முன்வைத்த ‘பிரெஸ்பிலாசிக்’, ஒரே கார்னியாவில் அருகுக்கும் தூரத்துக்கும் வெவ்வேறு வளைவுகளைச் செதுக்குகிறது. அவரே பின்னர் கொண்டுவந்த ‘இன்ட்ராகோர்’ முறையில், மேற்பரப்பைத் தொடாமல் ஃபெம்டோசெகண்ட் லேசர் கார்னியாவின் உள்ளே வளையங்களை இடும். இத்தகைய பல்குவிய முறைகளில் ஒளி பங்கிடப்படுவதால், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். மங்கிய வெளிச்சத்தில் எழுத்தின் தெளிவும் குறையலாம்.

சிகிச்சைக்குப் பின்னும் லென்ஸ் இறுகிக்கொண்டே போகும். படிக்கும் கண்ணாடி சிலருக்கு மீண்டும் தேவைப்படும். பிற்காலத்தில் கண்புரை அறுவை செய்யும்போது, செதுக்கிய கார்னியாவுக்கு ஏற்ற செயற்கை லென்ஸின் பவரைக் கணிப்பதும் கடினமாகிறது. ஆகவே லேசருக்கு முன் எடுத்த கண் அளவுகளை நோயாளி பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.