நவம்பர் 9 (ஜெர்மனி)

நவம்பர் 9, ஜெர்மனியின் அரசியல் வரலாற்றில் பெருந்திருப்பங்கள் பல நேர்ந்த நாள். ஜெர்மானியர் இதை ‘விதியின் நாள்’ என்பர். 1918இல் பேரரசர் இரண்டாம் வில்லியம் முடிதுறந்ததாக அறிவிக்கப்பட்டது. பிலிப் ஷைடமான் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசைப் பிரகடனம் செய்தார். 1923இல் மியூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் முறிந்தது. அதன் நினைவுநாளுக்காக 1938இல் அங்கே கூடிய நாஜித் தலைவர்களிடையே கோயபல்ஸ் ஆற்றிய உரையே யூதர் மீதான வன்முறையை ஏவிவிட்டது. ஆகவே இவ்விரண்டும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயலன்று. அன்றிரவு யூதத் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 1989இல் கிழக்கு ஜெர்மனியின் புதிய பயண விதிகளை வெளியிட்ட குந்தர் ஷபோவ்ஸ்கி, எப்போது முதல் என்ற செய்தியாளர் கேள்விக்குத் தாள்களைப் புரட்டியபடி ‘உடனடியாக’ என்றார். மக்கள் திரண்டதால் பெர்லின் சுவரின் வாயில்கள் அன்றிரவே திறந்தன. 1938இன் நினைவு ஒட்டியிருப்பதால் இந்நாள் தேசிய விழாவாக்கப்படவில்லை. ஜெர்மன் ஒருமைப்பாட்டு நாள் அக்டோபர் 3.